புனைகதையில் கரு நம்பகம் பெறும் முறை: கற்பு குறித்த நான்கு தமிழ்ப் புனைவுகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

புனைகதையின் கரு வாசகரிடம் நம்பகம் பெறுவது எதனால் என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது. கற்பு என்னும் ஒரே பொருளைக் கையாளும் நான்கு புனைவுகள் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. அவை புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’, ‘சாபவிமோசனம்’, ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ ஆகிய சிறுகதைகளும், ஜெயகாந்தனின் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என்னும் நாவலும் ஆகும். கருத்து உயர்ந்ததாக இருப்பதாலோ ஆசிரியர் அதனை உரக்கக் கூறுவதாலோ கரு நம்பகம் பெறுவதில்லை. அக்கருத்தைத் தோற்கடிக்க வல்ல ஆற்றல்களின் முன் அதனைக் கதைக்குள்ளேயே நிறுத்திச் சோதிப்பதாலேயே நம்பகம் பெறுகிறது என்பது இக்கட்டுரையின் முடிவாகும்.

திறவுச்சொற்கள்: கரு, உரிப்பொருள், மெய்ப்பாடு, கற்பு, சிறுகதை, புதுமைப்பித்தன், ஜெயகாந்தன்

1. முன்னுரை

சிறுகதை எழுதப் புகுவோர் பலரிடம் காணப்படும் குறைபாடு கருத்தின்மை அன்று. அவர்களிடம் கருத்து உண்டு; பெரும்பாலும் அது நல்ல கருத்தாகவும் இருக்கும். வறுமை கொடிது, சாதி தீது, பெண் அடிமை அல்லள் என்னும் கருத்துகளை மறுப்பார் அரியர். ஆயினும் இக்கருத்துகளைக் கொண்டு எழுதப்படும் கதைகளுள் பல, படித்து முடித்தவுடன் மறந்துபோகின்றன. அதே கருத்தைக் கொண்ட வேறொரு கதையோ அரை நூற்றாண்டு கடந்தும் வாதத்திற்கு உரியதாக நிலைக்கிறது. கருத்து ஒன்றாக இருக்கவும் விளைவு வேறுபடுவதற்குக் காரணம், கருத்து கதையில் இயங்கும் முறையே ஆகும்.

இம்முறையை விளக்க, பொருளால் ஒன்றுபட்டு முடிவால் வேறுபட்ட புனைவுகளை ஒப்பிடுவது பயன் தரும். பெண்ணின் தூய்மையை அளப்பது உடலா மனமா, அதனை அளக்கும் உரிமை யாருக்கு உண்டு என்னும் வினா, 1934 முதல் 1970 வரையிலான காலப்பகுதியில் வெளிவந்த மேற்குறித்த நான்கு புனைவுகளிலும் தொடர்ந்து எழுப்பப்படுகிறது. ஒவ்வொன்றும் வெவ்வேறு விடையைத் தருகிறது. விடைகள் வேறுபட்டும் நான்கும் வாசகரை ஏற்கச் செய்கின்றன என்பதே ஆராயத்தக்கது.

2. கரு என்னும் சொல்லும் பொருளும்

இன்றைய திறனாய்வில் கரு, கருப்பொருள், மையக்கருத்து, உள்ளடக்கம் ஆகிய சொற்கள் ஒன்றன் இடத்தில் மற்றொன்றாக வழங்கப்படுகின்றன. தொல்காப்பியம் கூறும் கருப்பொருள் இதனின் வேறானது. தெய்வம், உணா, மா, மரம், புள், பறை, செய்தி, யாழ் முதலாக ஒரு நிலத்திற்கு உரியவையே அங்குக் கருப்பொருள் எனப்படுகின்றன. நிலமும் பொழுதும் முதற்பொருள்; மாந்தர் ஒழுக்கம் உரிப்பொருள். எனவே, இன்று கதையின் கரு எனப்படுவது தொல்காப்பிய வகைப்பாட்டில் உரிப்பொருளுக்கே நெருங்கியதாகும்.

இவ்வேறுபாடு சொல்லளவில் நிற்பதன்று. உரிப்பொருள் பாடலில் தனித்து நின்று தன்னை அறிவித்துக்கொள்வதில்லை. நிலம், பொழுது, மரம், பறவை ஆகியவற்றின் வழியாகவே அது உணர்த்தப்படுகிறது. உணர்வைப் பற்றிய தமிழ்க் கொள்கையும் இவ்வாறே அமைகிறது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டும் மெய்ப்பாடு என்றே பெயர் பெறுகின்றன. மெய்யில் படுவதே மெய்ப்பாடு. அகத்தில் உள்ளது புறத்தே புலப்பட்டால்தான் காண்பார் அதனை உணர இயலும். கருத்துக்கும் இது பொருந்தும். கதையின் கரு, பாத்திரத்தின் செயலிலும் அதன் உடலிலும் அது கையாளும் பொருள்களிலும் புலப்பட வேண்டும்.

இக்கட்டுரையில் கரு என்னும் சொல், கதை முழுவதையும் இயக்கும் மைய வினாவையும் அதற்குக் கதை தன் நிகழ்வுகளால் தரும் விடையையும் குறிக்கிறது. நம்பகம் என்பது வாசகரின் உடன்பாட்டைக் குறிப்பதன்று. கதையின் விடையை மறுக்கும் வாசகரும், இப்பாத்திரங்கள் இந்நிலையில் இவ்வாறே நடந்திருக்கக்கூடும் என ஒப்புக்கொள்வதே நம்பகம் ஆகும்.

3. கூற்றின் வலிமையும் எல்லையும்: ‘பொன்னகரம்’

‘மணிக்கொடி’யில் 1934ஆம் ஆண்டில் வெளிவந்த ‘பொன்னகரம்’ மிகச் சிறிய கதை. ஆலையில் வேலை செய்யும் அம்மாளுவின் கணவன் முருகேசன் குதிரைவண்டிக்காரன். விபத்தில் அடிபட்டுக் கிடக்கும் அவனுக்குப் பால் கஞ்சி வேண்டியிருக்கிறது. கையில் காசில்லை. அவள்மேல் நெடுநாளாகக் கண் வைத்திருந்த ஒருவனுடன் இருளில் மறைந்து, அம்மாளு முக்கால் ரூபாய் ஈட்டுகிறாள். அதன்பின் கற்பைப் பற்றிப் பேசுவோரை நோக்கி ஆசிரியர் நேரடியாக எள்ளிக் கூறும் கூற்றுடன் கதை முடிகிறது.

கருத்தை ஆசிரியரே வெளிப்படையாகக் கூறலாகாது என்பது சிறுகதைக் கலை பற்றிய பொதுவான அறிவுரை. இக்கதை அவ்வறிவுரையை மீறியும் நிலைத்துள்ளது. அதற்கு இரு காரணங்கள் உள. முதலாவது, கதைசொல்லியின் எள்ளல் குரல் இறுதியில் திடீரெனத் தோன்றுவதன்று. வாசகரை நேரே விளித்து, நகரின் பெருமையைப் புகழ்வது போலப் பழித்தே கதை தொடங்குகிறது. தொடக்கம் முதல் பேசிவந்த குரலே இறுதியிலும் பேசுகிறது. இரண்டாவது, அக்கூற்று வருவதற்கு முன்பே கதை தன் சான்றுகளை வைத்துவிட்டது. கணவனுக்குத் துரோகம் எனச் சமூகம் பெயரிடும் செயல் கணவனின் பசிக்காகவே நிகழ்கிறது. கற்பு என்னும் சொல்லின் இரு பகுதிகளான கணவன்மேல் அன்பும் உடற்காவலும் இங்கு ஒன்றையொன்று எதிர்த்து நிற்கின்றன. ஒன்றைக் காக்க மற்றொன்றை இழக்க வேண்டியுள்ளது. இம்முரணே கரு. இறுதிக் கூற்று அதற்கு இடப்பட்ட முத்திரை மட்டுமே.

முக்கால் ரூபாய் என்னும் தொகையும் இங்குக் கருதத்தக்கது. ‘சிறிது பணம்’ என எழுதியிருப்பின் வாசகர் அதனைக் கடந்து சென்றிருப்பர். தொகை குறிப்பிடப்படும்போது ஒழுக்கம் பற்றிய பொதுப்பேச்சு ஒரு வேளைக் கஞ்சியின் விலைக்கு அருகில் வைக்கப்படுகிறது. பொதுக்கருத்து நம்பகம் பெறுவதில் இத்தகைய குறிப்பான விவரத்திற்குப் பெரும் பங்கு உண்டு.

4. விடையை முரணாக்குதல்: ‘சாபவிமோசனம்’

‘கலைமகள்’ இதழில் 1943ஆம் ஆண்டில் வெளிவந்த ‘சாபவிமோசனம்’ அகலிகை கதையை மறுபடைப்புச் செய்கிறது. இராமனின் திருவடித் துகளால் சாபம் நீங்கப்பெற்ற பின் அகலிகைக்கு என்ன நேர்ந்தது என்பதே இதன் தொடக்க வினா. மரபுக் கதை முடியும் இடத்தில் புதுக்கதை தொடங்குகிறது. மன்னிப்புக் கிடைத்துவிட்டது, ஆனால் மன்னிக்கப்பட்டவள் வாழ முடிகிறதா?

இவ்வினாவுக்குக் கதை இரு தளங்களில் விடை தேடுகிறது. ஒன்று, அகலிகையின் மனம். பிறர் இயல்பாகப் பேசும் சொல்லிலும் அவள் உட்பொருளைத் தேடி அஞ்சுகிறாள். கோதமன் அவளைக் குற்றவாளியாகக் கருதவில்லை. ஆயினும் அவள் மனம் விடுபடவில்லை. சாபம் நீங்கினும் சாபத்தின் நினைவு நீங்கவில்லை. மற்றொன்று, அறம் வழங்கியவனின் செயல். வனவாசம் முடித்துத் திரும்பிய சீதை, தான் தீக்குளிக்க நேர்ந்ததை அகலிகையிடம் கூறுகிறாள். தனக்கு ஒரு நீதி, சீதைக்கு வேறொரு நீதியா என்னும் அதிர்ச்சி அகலிகையைத் தாக்குகிறது. தன்னை விடுவித்த அருளே பொருளற்றதாக அவளுக்குத் தோன்றுகிறது. இறுதியில், அணுகிவரும் கோதமனிடத்தும் இந்திரனின் தோற்றமே அவள் கண்ணுக்குப் புலப்பட, அவள் மீண்டும் கல்லாகிறாள். கோதமன் துறவு பூண்டு செல்கிறான்.

இக்கதையில் தீயவர் எவரும் இலர் என்பது கவனிக்கத்தக்கது. கோதமன் பரிவுடையவன். இராமன் அவளை விடுவித்தவன். சீதை, தன் தூய்மையை உலகுக்கு மெய்ப்பிக்க வேண்டாமா என்னும் கருத்தில் சிரித்துக்கொண்டே பேசுகிறாள். எதிர்நிலையில் ஒரு கொடியவனை நிறுத்தியிருந்தால் குற்றம் அவனோடு முடிந்திருக்கும். நல்லோர் சூழ இருந்தும் அகலிகை கல்லாக நேர்வதால், பெண்ணிடம் மெய்ப்பித்தலைக் கேட்கும் வழக்கத்தின்மீதே வினா திரும்புகிறது. எதிர்த்தரப்பை வலிமை குன்றியதாகப் படைப்பது கருவை வலுவிழக்கச் செய்யும் என்பதற்கு இக்கதை சிறந்த சான்றாகும்.

முடிவும் ஆசிரியர் வெளியிலிருந்து சுமத்தியதாகத் தோன்றவில்லை. கல் என்பது மரபுக் கதையே தந்த பொருள். அங்குத் தண்டனையாக இருந்த கல், இங்கு அவள் மனம் தானே இறுகுவதன் வடிவமாகிறது. பழைய குறியீட்டின் பொருள் கதையின் போக்கில் மாறுகிறது. அம்மாற்றத்திலேயே கருவும் உணர்த்தப்படுகிறது.

5. எதிர்ப்பும் ஏற்பும் ஒரே நெஞ்சில்: ‘அக்கினிப் பிரவேசம்’

சீதையின் தீக்குளிப்பைத் தலைப்பிலேயே நினைவூட்டும் ‘அக்கினிப் பிரவேசம்’ 1966ஆம் ஆண்டில் ‘ஆனந்த விகட’னில் வெளிவந்து பெரும் வாதங்களை எழுப்பியது. மழை பெய்யும் மாலையில் பேருந்து நிறுத்தத்தில் தனித்து நிற்கும் ஏழைக் கல்லூரி மாணவி, காரில் வரும் இளைஞன் ஒருவன் அழைக்க அதில் ஏறுகிறாள். ஆளரவம் அற்ற இடத்தில் அவளது அறியாமையையும் அச்சத்தையும் அவன் பயன்படுத்திக்கொள்கிறான். வீடு திரும்பிய மகளிடமிருந்து செய்தியை அறிந்த தாய், அவள் தலையில் நீரூற்றி, அந்நீரையே நெருப்பாக எண்ணிக்கொள்ளும்படி கூறி, அவள் தூயவள் என ஏற்றுக்கொள்கிறாள்.

இக்கதைச் சுருக்கத்தை மட்டும் கேட்போருக்குத் தாயின் செயல் ஆசிரியரின் விருப்பமாகத் தோன்றலாம். அக்காலத்து வைதிகக் குடும்பத் தாய் இவ்வாறு நடப்பாளா என்பதே இயல்பாக எழும் ஐயம். அவ்வையத்தைக் கதை தவிர்க்கவில்லை, எதிர்கொள்கிறது. செய்தியைக் கேட்டவுடன் தாய் மகளை அணைத்துக்கொள்ளவில்லை. அலறுகிறாள், அடிக்கிறாள். சமூகத்தின் தீர்ப்பு முதலில் அவள் கையின் வழியாகவே வெளிப்படுகிறது. குரல் கேட்டு அண்டை வீட்டார் வினவும்போதுதான் திருப்பம் நிகழ்கிறது. மகள் மழையில் நனைந்து வந்ததற்காகவே கோபித்துக்கொண்டதாக அவள் காரணம் கூறிவிடுகிறாள். மகளை ஊராரிடம் ஒப்படைப்பதா, காப்பதா என்பதை ஒரு நொடியில் தீர்மானிக்கிறாள். அதன் பின்னரே நீராட்டல் வருகிறது.

எனவே, தாயின் ஏற்பு அவள் முன்னரே கொண்டிருந்த கொள்கையன்று. அவளது எதிர்ப்புணர்வைக் கடந்து பிறந்த முடிவு. கருவை எதிர்க்கும் குரலும் ஏற்கும் குரலும் ஒரே நெஞ்சில் அமைவதால், வாசகர் தம் தயக்கத்தையும் அவளிடம் காண்கின்றனர். அவள் அத்தயக்கத்தைக் கடக்கும்போது தாமும் உடன் கடக்கின்றனர். நீராட்டும்போது அவள் பேசும் சொற்கள் ஓரளவு விளக்கமாகவே உள்ளன. ஆயினும் அவை உரையாகத் தோன்றாமைக்குக் காரணம் உண்டு. அச்சொற்களுக்கு அங்கு ஒரு வேலை இருக்கிறது. நடுங்கி நிற்கும் மகளை மீட்க வேண்டும். தன்னையும் தேற்றிக்கொள்ள வேண்டும். ஒரு பாத்திரம் கருத்தைப் பேசலாகாது என்பதன்று விதி. அக்கணத்தில் அக்கருத்தைப் பேசியே ஆகவேண்டிய தேவை அதற்கு இருத்தல் வேண்டும்.

6. மறைந்திருந்த நிபந்தனை: ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’

சிறுகதையின் விடை ஒரு நிபந்தனையின்மேல் நிற்கிறது. அண்டை வீட்டாருக்குச் செய்தி தெரியாது என்பதே அந்நிபந்தனை. தாயின் அறம் நான்கு சுவர்களுக்குள் வென்றது. அது முற்றத்திற்கு வந்திருந்தால் வென்றிருக்குமா? ஜெயகாந்தன் இவ்வினாவைத் தாமே எடுத்துக்கொண்டு எழுதிய நாவலே ‘காலங்கள் மாறும்’ என்னும் தலைப்பில் ‘தினமணி கதி’ரில் தொடராக வந்து, 1970ஆம் ஆண்டில் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என நூல்வடிவம் பெற்றது. 1972ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமி விருதும் இதற்குக் கிடைத்தது.

நாவலில் மாற்றப்படுவது ஒரே நிகழ்வு. தாய் மறைக்கவில்லை, அவளது அலறலால் செய்தி வெளியாகிறது. பெயரற்றிருந்த மகள் இங்குக் கங்கை ஆகிறாள். அண்ணன் அவளை வீட்டைவிட்டு வெளியேற்றுகிறான். உறவினரான வெங்கு மாமா அவளைப் படிக்க வைக்கிறார். அவ்வுதவிக்குள்ளேயே அவளை அடையும் நோக்கத்தையும் வைத்திருக்கிறார். அவள் கற்றுப் பணியில் உயர்ந்தும், மழைநாளின் அந்நிகழ்வே அவளை அளக்கும் கோலாக நிற்கிறது. பல்லாண்டுகளுக்குப் பின் அவ்விளைஞனான பிரபுவை அவள் தேடிக் காண்கிறாள். அவனிடம் அவள் காண்பது கொடியவனை அன்று. தன்மேலேயே மதிப்பிழந்த, குடும்பத்தாலும் மதிக்கப்படாத ஒரு மனிதனை. இருவரிடையே விளையும் நட்பையும் சமூகம் ஏற்கவில்லை. அவன் விலகிச் செல்ல, கங்கை தன்னையே அழித்துக்கொள்ளும் பாதையில் இறங்குவதாக நாவல் முடிகிறது.

‘அக்கினிப் பிரவேசம்’ என்னும் கதையே இந்நாவலுக்குள் ஓர் எழுத்தாளர் எழுதிய கதையாக இடம்பெறுகிறது. கங்கை அதனை வாசிக்கிறாள். தனக்குக் கிடைக்காமற்போன தாயை அவள் அச்சில் காண்கிறாள். ஆசிரியர் தம் முந்தைய விடையைத் திரும்பப் பெறவுமில்லை, போற்றவுமில்லை. அவ்விடை கிடைக்காதவளின் கையில் அதனைக் கொடுத்துப் பார்க்கிறார். இவ்விரு படைப்புகளையும் அருகருகே வைத்து வாசிக்கும்போது, ஒரு தாயின் ஒரு நொடித் தீர்மானம் எவ்வளவு பெரியது என்பது சிறுகதையை மட்டும் வாசித்தபோது தெரிந்ததைவிடத் தெளிவாகத் தெரிகிறது.

இங்கு ஒரு மறுப்பையும் கருதல் வேண்டும். நீரூற்றிக் கழுவும் சடங்கு, கழுவப்பட வேண்டிய கறை உண்டு என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொள்வதாகும் என வாதிடலாம். இவ்வாதம் வலிமையுடையது. ஆயினும் அது கருவின் நம்பகத்தைக் குறைப்பதில்லை. அத்தாய் அறிந்த மொழி சடங்கின் மொழியே. அதனைக் கொண்டே அவளால் மகளைக் காக்க முடியும். கறை என்னும் கருத்தையே முற்றிலும் மறுக்கும் சொற்களை அவள் வாயில் வைத்திருந்தால், பேசுவது தாய் அன்று, ஆசிரியர் என்பது வெளிப்பட்டிருக்கும்.

7. கருவை வளர்க்கும் நெறிகள்

மேற்கண்ட ஒப்பீட்டிலிருந்து எழுதுவோர்க்குப் பயன்படும் ஐந்து நெறிகளைத் தொகுக்கலாம்.

முதலாவது, கருத்தை வினாவாக மாற்றுதல். ‘மன்னிப்பு உயர்ந்தது’ என்பது கருத்து. அதனைக் கொண்டு கதையை நகர்த்த இயலாது. ‘மன்னிக்கப்பட்டவள் வாழ முடியுமா’ என்பது வினா. அவ்வினா தானே அடுத்த நிகழ்வைக் கோருகிறது.

இரண்டாவது, இரு நன்மைகளை மோதவிடுதல். நன்மைக்கும் தீமைக்கும் இடையிலான தேர்வில் வாசகருக்கு ஐயம் இல்லை. அம்மாளுவுக்கு நேர்ந்ததுபோல், காக்கத்தக்க இரண்டில் ஒன்றை இழந்தே தீரவேண்டும் என்னும் நிலையில்தான் கரு உயிர்பெறுகிறது.

மூன்றாவது, எதிர்த்தரப்புக்கு முழு வலிமை அளித்தல். எதிர்வாதத்தைப் பேசுவோர் மூடராகவோ கொடியவராகவோ மட்டும் இருப்பின், கரு எளிதில் வெல்லும். எளிதில் வென்றது நினைவில் நிற்பதில்லை.

நான்காவது, கருவைப் பொருளிலும் செயலிலும் பதித்தல். கல், நீர், முக்கால் ரூபாய் ஆகியவை அலங்காரங்கள் அல்ல. அவற்றை நீக்கினால் கதையே நிகழாது. வெளியிலிருந்து கொணர்ந்து ஒட்டப்பட்ட குறியீட்டை இச்சோதனையால் அடையாளம் காணலாம்.

ஐந்தாவது, விடை நிற்கும் நிபந்தனையைக் கண்டறிந்து அதனை மாற்றிப் பார்த்தல். கதையை எழுதி முடித்தபின், ‘எந்த ஒன்று மாறியிருந்தால் இம்முடிவு பொய்த்திருக்கும்’ எனக் கேட்டல் வேண்டும். அவ்வாறு எதுவும் இல்லையெனின் கதை எதனையும் பணயம் வைக்கவில்லை என்று பொருள். ஒன்று உண்டெனின், அது கதைக்குள் அச்சமாகவேனும் தென்பட வேண்டும். அண்டை வீட்டாரின் குரல் ‘அக்கினிப் பிரவேச’த்தில் அவ்வாறு தென்படுகிறது. அக்குரலிலிருந்தே பின்னர் ஒரு நாவல் பிறக்க முடிந்தது.

8. முடிவுரை

கற்பு என்னும் ஒரு பொருளுக்கு ‘பொன்னகரம்’ எள்ளலையும், ‘சாபவிமோசனம்’ கல்லையும், ‘அக்கினிப் பிரவேசம்’ நீரையும், ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நீண்ட தனிமையையும் விடையாகத் தருகின்றன. இவற்றுள் எது சரியான விடை என்பதில் வாசகர் வேறுபடலாம், வேறுபட்டும் வந்துள்ளனர். ஆனால் ஒவ்வொரு படைப்பிலும் விடைக்குரிய விலையைக் கதைமாந்தரே செலுத்துகின்றனர். அம்மாளு தன் உடலால் செலுத்துகிறாள். அகலிகை தன் உயிர்ப்பால் செலுத்துகிறாள். பெயரற்ற அத்தாய் தான் நம்பிவந்த ஒழுங்கை ஓர் இரவில் கைவிட்டுச் செலுத்துகிறாள். கங்கை தன் வாழ்நாளால் செலுத்துகிறாள்.

ஆசிரியர் தம் கருத்துக்காக எவ்வளவு உருகினார் என்பதை வாசகர் அளப்பதில்லை. அக்கருத்து கதைமாந்தரிடமிருந்து எதனைக் கேட்டது, அவர்கள் அதனை எவ்வாறு கொடுத்தனர் என்பதையே அளக்கின்றனர். விலை செலுத்தப்படாத கரு, எத்துணை உயர்ந்ததாயினும் அறிவுரையாகவே நின்றுவிடும். கதைமாந்தர் விலை செலுத்தக் காணும்போதே வாசகர் அக்கருவைத் தம் வாழ்வோடு வைத்து எண்ணத் தொடங்குகின்றனர்.